வானத்தால் வரும் திறப்பு

"அங்கை மழையோ?"

ரெலிபோனில் இப்படிக் கேட்டால் அது மழையைப் பற்றிய கேள்வி அல்ல என்பதை எம்மவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மழை என்றால் ஷெல்லடி. "பெரியண்ணை வேலைக்குப் போட்டார்" என்றால் யாரையோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "மாம்பழம் கிடைச்சுது" என்றால் உண்டியலில் அனுப்பிய காசு கைக்கு வந்துவிட்டது. வடக்கில் ரெலிபோன் இணைப்பே இல்லாதிருந்த தொண்ணூறுகளில், கொழும்பு லொட்ஜ் வாசலில் மணிக்கணக்காய்க் காத்திருந்து, கிடைத்த ஐந்து நிமிடத்தில் இப்படியான பாஷையில்தான் குடும்பங்கள் பேசிக்கொண்டன. வரியில் மூன்றாவது காது ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு இன்றைக்கும் எம்மிற் பலரை விட்டுப் போகவில்லை.

அந்தப் பாஷையில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. மழை என்றால் என்ன, மாம்பழம் என்றால் என்ன என்பதைப் பிரியும் முன்னர் படலையடியில் நின்று பேசி வைத்திருக்க வேண்டும். பேசி வைக்காமல் பிரிந்தவர்கள் என்ன செய்வது? ரெலிபோனிலேயே "இனி மழை என்றால் ஷெல்லடி என்று வைப்போம்" என்று சொன்னால் மூன்றாவது காதுக்கும் அது கேட்டுவிடும். இரகசியம் அனுப்ப ஒரு திறப்பு வேண்டும், அந்தத் திறப்பை அனுப்ப இன்னொரு இரகசிய வழி வேண்டும். அரசர்களும் தளபதிகளும் வங்கிக்காரரும் நூற்றாண்டுக் கணக்காய் முட்டிமோதிய சிக்கல் இதுதான்.

இன்று இந்தத் திறப்பைச் செய்மதியிலிருந்து, ஒளியின் மிகச் சிறிய துணிக்கைகளில் ஏற்றி இறக்குகிறார்கள். 'குவாண்டம் செய்மதி' என்று பத்திரிகைகளில் அடிபடுவது அதுதான். பிள்ளைகள் பாடசாலையில் கேட்டுவிட்டு வந்து எம்மிடம் விளக்கம் கேட்கிறார்கள். இந்த மாதம் இதை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எமது குடும்பங்கள் வந்து குடியேறியிருக்கும் மூன்று இடங்களான சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, நியூ ஜேர்சி, ரெக்ஸாஸ் ஆகிய மூன்றிலும் இந்தக் கதையின் ஒவ்வொரு துண்டு கிடக்கிறது.

முதலாவது துண்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில். 1976 நவம்பரில் விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரை, திறப்பை இரகசியமாக அனுப்பவே தேவையில்லை என்றது. பக்கத்து பேர்க்லியில் மாணவனாயிருந்த ரால்ப் மேர்க்கிளும் தனியாக இதே வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். கருத்து இதுதான்: நான் திறந்தபடி இருக்கும் ஆமைப் பூட்டுகளை ஊரெல்லாம் கொடுத்து வைக்கிறேன். எவரும் ஒரு பெட்டியில் கடிதத்தை வைத்து அந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டலாம். திறக்கும் திறப்பு மட்டும் என் மடியில். அடுத்த ஆண்டு மாசச்சூசெற்சில் மூவர் இதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார்கள். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த எண்ணை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் உலகிலுள்ள கணனிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆயுட்காலம் போதாது. நாம் வங்கிக் கணக்கைக் கணனியில் பார்ப்பதும், கடன் அட்டையால் விமான ரிக்கற் எடுப்பதும் பல தசாப்தங்களாக இந்த வகைப் பூட்டுகளை நம்பித்தான்.

இரண்டாவது துண்டு நியூ ஜேர்சி. 1994இல் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுகூடத்தில் பீற்றர் ஷோர் என்ற கணிதக்காரர், குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணனி ஒன்று போதிய அளவில் கட்டப்பட்டால் அந்தப் பூட்டுகள் எல்லாம் விரைவில் திறந்துவிடும் என்று கணித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய கணனி இன்னும் எவரிடமும் இல்லை. அப்படியானால் இப்போதைக்குப் பயமில்லை என்று சொல்ல முடியுமா?

முடியாது. பெட்டியை இன்றே திறக்கவேண்டும் என்று கள்வனுக்குக் கட்டாயம் இல்லை. பூட்டிய பெட்டியை அப்படியே களவெடுத்துக் கொண்டுபோய் வைத்து, திறப்பு கிடைக்கும் நாளில் திறக்கலாம். கடன் அட்டை இலக்கத்தை அப்படிச் சேர்த்து வைப்பவனுக்கு லாபமில்லை, மூன்று நான்கு வருடத்தில் அட்டையே காலாவதியாகிவிடும். ஆனால் புகலிட விண்ணப்பத்தோடு நாம் இணைத்த சத்தியக் கடதாசியை யோசித்துப் பாருங்கள். யாரை எந்தத் திகதியில் எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள், யார் பிணை நின்றார், யார் வீட்டில் ஒளித்திருந்தோம், இன்னமும் ஊரில் இருக்கும் தமையன் பெயர் என்ன, சாட்சிக் கடிதம் தந்த பாதிரியார் யார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சட்டத்தரணிக்கு நாம் அதை ஸ்கான் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். அந்தக் கடதாசி முப்பது வருடத்திலும் காலாவதியாகாது. சாதாரண அமெரிக்கக் குடும்பம் ஒன்றைவிட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த விஷயம் கிட்டத்தில் நிற்கிறது என்று நாம் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது துண்டு ரெக்ஸாஸ். ஒஸ்ரினில் உள்ள ரெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் வீலர் என்ற பெரிய பௌதிகப் பேராசிரியரைச் சுற்றி எழுபதுகளின் கடைசியில் ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. அங்கே கலாநிதிப் பட்டம் பெற்ற வில்லியம் வூற்றேர்ஸ், வோய்ச்சேக் சூரெக் என்ற இருவர் 1982இல் ஒரு சிறு கட்டுரையில் நிறுவியது இது: என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாத ஒற்றை ஒளித்துணிக்கை ஒன்றைப் பிரதி எடுக்கவே முடியாது. நல்ல இயந்திரம் இல்லை என்பதால் அல்ல, இயற்கையின் விதி அதை விடாது. கடிதத்தை ஆவி பிடித்துத் திறந்து, போட்டோக் கொப்பி எடுத்து, மறுபடி ஒட்டி அனுப்பும் வேலை இங்கே நடக்காது. பிரித்து ஒட்டிய கடிதங்களைக் கையில் வாங்கிப் பழகியவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

இதை வைத்துத் திறப்புப் பரிமாறும் முறை ஒன்றை சார்ள்ஸ் பென்னெற், ஜில் பிரசார் என்ற இருவர் அமைத்தார்கள். அந்தக் கட்டுரை முதலில் வாசிக்கப்பட்ட இடம் எது தெரியுமா? பெங்களூர். 1984 டிசெம்பரில் அங்கே நடந்த ஒரு கணனி மகாநாட்டில்.

முறையைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஒளி ஓர் அலை. அது எந்தப் பக்கமாக ஆடுகிறதோ அதை முனைவாக்கம் என்று எமது பௌதிகப் புத்தகங்களில் படித்தோம். பனை மட்டை வரிந்த வேலி ஒன்றின் இடைவெளியூடாகக் கயிற்றை விட்டு ஆட்டினால், மேலும் கீழுமாக ஆட்டும் அலை மட்டைகளுக்கிடையால் போய்விடும், பக்கவாட்டில் ஆட்டும் அலை மட்டையில் அடிபட்டு நின்றுவிடும். ஒளிக்கும் அப்படியான வேலிகள் உண்டு. (முனைவான ஒளியின் நுட்பங்களை 1956இல் பெங்களூரில் ஆராய்ந்து உலகம் பின்னர் வியந்த முடிவு ஒன்றைக் கண்டவர் பஞ்சரத்தினம், திருச்சியில் பிறந்த சி. வி. இராமனின் மருமகன். பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சொல்லி வையுங்கள்.) ஒளியைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனால் கடைசியில் அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த ஒற்றைச் சொட்டுக்குப் போட்டன் என்று பெயர்.

எடிசனில் இருக்கும் அக்கா டலசில் இருக்கும் தம்பிக்குத் திறப்பு அனுப்புகிறார் என்று வைப்போம். ஒவ்வொரு போட்டனையும் நாலு விதத்தில் ஒன்றாக ஆட்டி விடுகிறார்: நிமிர்ந்து, கிடையாக, இடப்பக்கம் சரிந்து, வலப்பக்கம் சரிந்து. நிமிர்ந்ததும் ஒரு சரிவும் சைபர், மற்ற இரண்டும் ஒன்று. எதை எப்போது அனுப்புவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார். தம்பியும் தன் பக்கத்து வேலியை நேராகவோ சரிவாகவோ சீட்டுக் குலுக்கி வைத்துப் பிடிக்கிறார். வேலி பொருந்தினால் விடை சரி. பொருந்தாவிட்டால் பூவா தலையா போட்டமாதிரி ஏதோ ஒரு விடை வரும், அதோடு போட்டனின் பழைய நிலையும் அழிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு இருவரும் சாதாரண ரெலிபோனில், "முதலாவதுக்கு நேர் வேலி, இரண்டாவதுக்குச் சரிவு" என்று வேலியை மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள். பொருந்தாதவற்றை எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது இருவருக்கும் பொதுவான இரகசியத் திறப்பு. நடுவில் ஒருவன் பிடித்துப் பார்த்து மறுபடி அனுப்பியிருந்தால் அவனும் சீட்டுக் குலுக்கித்தானே வேலி வைத்திருப்பான்? பாதி நேரம் பிழையாக வைப்பான். எல்லாவற்றையும் அவன் தொட்டிருந்தால் திறப்பில் நூற்றுக்கு 25 பிழை ஏறும். ஒரு பகுதியை ஒப்பிட்டுப் பார்த்தால் கள்ளன் வந்து போன தடயம் தெரிந்துவிடும். அந்தத் திறப்பை எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

இனி எமது தலைப்பின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒவ்வொரு ஒளித்துடிப்பையும் இப்படி நாலு விதமாக ஆட்டி விடுவது யார்? கையால் கண்ணாடியைத் திருப்பினால் ஒரு செக்கனுக்கு ஒன்று போகும். அப்படிச் செய்தால் ஒரு சொல்லுக்குத் திறப்புச் சேர்க்க வருடம் போகும். ஒரு செக்கனில் கோடிக் கணக்கில் ஒளியைத் திருப்பவும் மங்கச் செய்யவும் வல்ல ஒரு கருவி வேண்டும். இதற்குத்தான் அதிவேக ஒளிப் பண்பேற்றம் என்று பெயர்.

ஒளியில் செய்தி ஏற்றும் ஆசை புதியதல்ல. ரெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880இலேயே வாஷிங்ரனில், பேசும் குரலால் அதிரும் கண்ணாடியில் வெயிலைப் பட்டுத் தெறிக்கவைத்து 213 மீற்றர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பினார். ஆனால் கண்ணாடிக்குப் பாரம் உண்டு, பாரமுள்ள எதையும் ஓர் அளவுக்கு மேல் விரைவாக அசைக்க முடியாது. அசையும் பாகமே இல்லாத வழி 1893இல் ஜேர்மனியில் பிரீட்ரிக் பொக்கெல்ஸ் ஆராய்ந்த ஒரு குணத்தில் இருந்தது. சில பளிங்குகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றின் ஊடாக ஒளி போகும் வேகம் ஒரு பொட்டு மாறும். பளிங்கு அசைவதில்லை, உள்ளே மின்புலம் மட்டுமே மாறுகிறது.

இந்தக் குணம் நன்றாக வாய்த்த பளிங்கு லிதியம் நயோபேற். அதைப் பெரிய துண்டாக வளர்க்கும் வழி 1965இல் பெல் ஆய்வுகூடத்தில் கிடைத்தது. அதே ஆய்வுகூடத்தின் ஹோம்டெல் பக்கத்தில் ஐவன் கமினோ என்பவர் வாழ்நாள் முழுவதும் இந்தப் பளிங்கோடு மல்லுக்கட்டினார். 1974இல் அவரும் ஒரு சகாவும் பளிங்கின் மேல் மெல்லிய உலோகக் கோட்டைப் பூசிச் சூடாக்கி ஊறவைத்தால், அந்தக் கோடு வழியே ஒளி வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் ஓடும் என்று காட்டினார்கள்.

தோட்டத்து வாய்க்கால் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலை இரண்டாகப் பிரித்துச் சிறிது தூரம் ஓடவிட்டு மறுபடி சேர்க்கிறோம். இரண்டு கிளையிலும் அலை ஒரே தாளத்தில் வந்தால் சேருமிடத்தில் அலை பெரிதாகும். ஒரு கிளைக்கு மட்டும் மின்னழுத்தம் கொடுத்துச் சற்றுத் தாமதிக்கச் செய்தால், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து அலை காணாமற் போகும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒளி கூடிக் குறையும். இதே வித்தையைச் சற்று மாற்றி அமைத்தால் முனைவாக்கத்தையும் திருப்பலாம். மடை திறந்து மூடுவது போலத்தான், ஆனால் செக்கனுக்கு ஆயிரம் கோடி தடவைக்கு மேல். இன்று கடலடி இழைகளில் ஓடும் இன்ரநெற்றின் பெரும்பகுதி இந்த வகை மடைகளால் ஏற்றப்பட்டதே.

ஹோம்டெல் என்றதும் ஒரு பக்கக் கதை. நியூ ஜேர்சியில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கக்கூடிய இடம் அது. பழைய ஆய்வுகூடக் கட்டடம் இப்போது பெல் வேர்க்ஸ் என்ற பெயரில் கடைகளும் அலுவலகங்களுமாக இருக்கிறது. வாசலில் ரான்சிஸ்ரர் வடிவத்தில் மூன்று காலில் நிற்கும் தண்ணீர்த் தாங்கியைக் காணலாம். பக்கத்துக் குன்றில் உள்ள கொம்பு வடிவ அன்ரெனாவில்தான் 1964இல் ஆர்னோ பென்சியாசும் றொபேட் வில்சனும் பிரபஞ்சத்தின் பிறப்பிலிருந்து மிஞ்சிய முணுமுணுப்பைக் கேட்டார்கள். 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அன்ரெனா முதலில் கட்டப்பட்டது செய்மதிச் சமிக்ஞைகளைப் பிடிக்க. பென்சியாஸ் மியூனிக்கில் பிறந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1939இல் ஆறு வயதில், தம்பியோடு, பெற்றோர் இல்லாமல் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அடுத்த ஆண்டு குடும்பம் நியூ யோர்க் வந்து சேர்ந்தது. பின்னாளில் அதே பெல் ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்கே தலைவரானார்.

சரி, செய்மதி எதற்கு? கண்ணாடி இழை போதாதா? போதாது. மிகச் சிறந்த இழையிலும் ஒளி கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. சாதாரணச் செய்தி என்றால் நடுவழியில் பெருக்கி வைத்துப் பலப்படுத்தலாம். போட்டனைப் பெருக்குவது என்றால் பிரதி எடுப்பது, அதைத்தான் ரெக்ஸாஸ்காரர் முடியாது என்று நிறுவிவிட்டார்களே! 1,000 கிலோமீற்றர் நேர் இழையில் செக்கனுக்கு ஆயிரம் கோடி போட்டன் அனுப்பினாலும் மறுமுனைக்கு ஒன்று வந்துசேர ஏறக்குறைய 300 வருடம் பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் நிலைமை வேறு. காற்றின் தடித்த பகுதி பத்துக் கிலோமீற்றர் அளவுதான், அதற்கு மேல் வெறும் வெளி. அங்கே ஒளி தேய்வதில்லை, விரிவது மட்டுமே.

செய்மதியை அஞ்சற்காரனாக வைக்கலாம் என்று 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும் வரை எமது தீவில் வாழ்ந்தவர் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

குவாண்டம் செய்மதியை முதலில் ஏவியது சீனா. 2016 ஓகஸ்ட் 16ஆம் திகதி மேலே போன அந்தச் செய்மதிக்கு, ஒளி நேர்கோட்டில் போகிறது என்று பண்டைக் காலத்திலேயே எழுதிவைத்த மோசி என்ற சீன ஞானியின் பெயர். திட்டத்தின் தலைவர் பான் ஜியான்வெய், வியன்னாவில் அன்ரன் சைலிங்கரிடம் படித்தவர். அந்தச் செய்மதியின் கணக்கைப் பார்த்தால் பண்பேற்ற வேகம் ஏன் உயிர்நாடி என்பது விளங்கும்.

செய்மதி சுமார் 500 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஓர் ஊருக்கு மேலால் போகும்போது ஐந்து நிமிடம் அளவில்தான் கண்ணுக்குத் தெரியும், அதுவும் இரவில், முகில் இல்லாதபோது. அந்த ஐந்து நிமிடமும் செய்மதியின் குழாயும் தரையில் இருக்கும் தொலைநோக்கியும் ஒன்றையொன்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செய்மதி திரும்பத் திரும்ப 'நிமிர்ந்தது' எது 'சரிந்தது' எது என்பதும் மாறும், அதற்கும் ஒரு கண்ணாடியைக் கூடவே சுழற்றிச் சரிக்கட்ட வேண்டும். செய்மதி செக்கனுக்கு 10 கோடி துடிப்பு அனுப்பியது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒளி மூன்று மீற்றர்தான் போகும், துடிப்பின் நீளமோ ஒரு சாண்கூட இல்லை. 1,200 கிலோமீற்றர் தூரத்தில் அந்தக் கதிர் 12 மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். பிடிக்கும் தொலைநோக்கியோ ஒரு மீற்றர் அகலம். வாளி நிறைய நெல்லை மாடியிலிருந்து கொட்டிக் கீழே தேத்தண்ணிக் கோப்பையில் பிடிப்பது போன்ற வேலை.

2016 டிசெம்பர் 19ஆம் திகதி இரவு 273 செக்கன் நேரம் இப்படிப் பிடித்தார்கள். அனுப்பிய துடிப்புகள் 2,730 கோடி. தரையில் பிடிபட்டவை 35 இலட்சத்து 51 ஆயிரம். வேலி பொருந்தாதவற்றை எறிந்து, பிழை திருத்தி, கள்ளனுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் கழித்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய திறப்பு 3,00,939 சைபர்-ஒன்றுகள். அதாவது 2,730 கோடியில் மூன்று இலட்சம். ஒரு எழுத்துக்கு அதே அளவு திறப்பைச் செலவழித்து எழுதினால் அவ்வளவும் இந்தக் கட்டுரையை மூடக்கூடப் போதாது. துடிப்பு வேகத்தைப் பத்து மடங்காக்கினால் அதே ஐந்து நிமிடத்தில் பத்து மடங்கு திறப்பு. செய்மதியை நிறுத்தி வைக்க முடியாது, முகிலை விலக்க முடியாது, வான்வெளியைச் சுருக்கவும் முடியாது. மனிதன் கையில் மிச்சம் இருக்கும் முக்கியமான திருகாணி பண்பேற்ற வேகம்தான்.

வேகம் மட்டும் போதுமா என்றால் அங்கேதான் சங்கதி இருக்கிறது. அந்த முதற் செய்மதியில் நாலு முனைவுக்கும், கள்ளனை ஏமாற்ற வேண்டுமென்றே மங்கலாக அனுப்பும் பொய்த் துடிப்புகளுக்கும் என்று எட்டு லேசர்கள் இருந்தன. எட்டுப் பேர் எழுதினால் எட்டுக் கையெழுத்து. நிறத்திலோ நேரத்திலோ மயிரிழை வித்தியாசம் இருந்தால், கள்ளன் போட்டனைத் தொடாமல் கையெழுத்தைப் பார்த்தே எது எந்த லேசரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான். ஆகவே ஒரேயொரு லேசரை வைத்து, அதன் துடிப்புகளைப் பளிங்கு மடையால் விதவிதமாக மாற்றுவதே நல்லது என்று பலர் கருதுகிறார்கள். அப்போது இன்னொரு தொல்லை: மடையை மிக விரைவாகத் திறந்து மூடினால் முந்தைய திறப்பின் அதிர்வு அடங்கும் முன்னர் அடுத்தது வந்துவிடும். முன்னைய துடிப்பின் நிழல் பின்னையதில் விழும். அந்த நிழலும் ஓர் ஒட்டுக்கேட்கும் ஓட்டைதான். வேகத்தையும் சுத்தத்தையும் ஒருசேரப் பெறுவதில்தான் ஆய்வுகூடங்கள் இப்போது மினக்கெடுகின்றன. 2018இல் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் நோக்கியா பெல் ஆய்வுகூடமும் சேர்ந்து, லிதியம் நயோபேற்றை மெல்லிய படலமாக்கி, சாதாரணக் கணனிச் சில்லு தரக்கூடிய சிறு மின்னழுத்தத்திலேயே இயங்கும் மடையைச் செய்து காட்டின. சூரியத் தகடு தரும் சொற்ப மின்சாரத்தில் சீவிக்கும் செய்மதிக்கு இது பெரிய விஷயம். ஸ்ரான்போர்ட்டிலும் ஸ்ரீவன் ஹரிசின் குழு 2008இல் ஒற்றைப் போட்டன் ஒன்றின் உருவத்தையே பண்பேற்றிக் காட்டியது.

2017 செப்டெம்பரில் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையில் இந்தச் செய்மதி கொடுத்த திறப்பைக் கொண்டு 75 நிமிட வீடியோப் பேச்சு நடந்தது. 2022இல் ஏவிய ஜினான்-1 என்ற சிறு செய்மதியில் கருவிகளின் பாரம் 23 கிலோகிராம்தான், தரை நிலையமும் 100 கிலோ அளவில் சுருங்கிவிட்டது. ஒரே தடவை கடந்து போகையில் 10 இலட்சத்து 70 ஆயிரம் வரை திறப்பு இறக்கியிருக்கிறார்கள். சீனாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இடையில் 12,900 கிலோமீற்றர் தூரத்துக்குப் படம் ஒன்றைப் பூட்டி அனுப்பிய விபரம் 2025 மார்ச்சில் வெளிவந்தது. இந்தியா 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் 300 மீற்றர் வெளியில் செய்துபார்த்தது. 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. 2,000 கிலோமீற்றர் தூரத்துக்குச் செய்மதி வழித் தொடர்பு அதன் குறிகளில் ஒன்று. அந்தத் திட்டத்தின் குவாண்டம் தொடர்பாடல் மையம் சென்னை ஐ.ஐ.ரி.யில்தான் அமைந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் இந்த முறையை அரச இரகசியங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. காரணங்கள் நியாயமானவை. விசேட கருவி இல்லாமல் நடக்காது. மறுமுனையில் பேசுபவர் உண்மையில் தம்பிதானா என்பதைப் போட்டன் சொல்லாது, அதற்குச் சிறிதளவு இரகசியமாவது முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். கடைசியில் படலையடிக்கே திரும்பி வந்துவிட்டோம் பாருங்கள். செய்மதி இரண்டு ஊருக்கும் தனித்தனியே திறப்புக் கொடுத்து இணைத்து வைக்கும்போது அந்தத் திறப்புகள் செய்மதிக்கும் தெரியும். செய்மதியின் சொந்தக்காரரை நம்பவேண்டும். எமது அனுபவத்தில், அரசாங்கம் ஒன்றின் கையில் இருக்கும் பெட்டியை நம்பு என்றால் நாம் இரண்டு தரம் யோசிப்போம். பிணைந்த இரட்டைப் போட்டன்களைப் பயன்படுத்தினால் செய்மதியை நம்பாமலும் செய்யலாம், 2020இல் வெளிவந்த பரிசோதனையில் அதுவும் நடந்தது. ஆனால் கிடைத்த திறப்பு மிகச் சொற்பம்.

ஆகவே சாதாரணக் குடும்பங்களுக்கு வேறு வழி ஒன்று முந்திக்கொண்டு வந்திருக்கிறது. குவாண்டம் கணனிக்கும் மசியாதவை என்று நம்பப்படும் புதிய கணக்குப் பூட்டுகள் மூன்றை 2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி அமெரிக்கத் தர நிறுவனம் இறுதியாக்கி வெளியிட்டது. அரச கணனிகள் இவற்றுக்கு மாறி முடிக்க 2035 குறியாக வைக்கப்பட்டிருக்கிறது. இதற்குச் செய்மதியும் வேண்டாம், பளிங்கும் வேண்டாம். சிக்னல் என்ற செயலி 2023 செப்டெம்பரிலும், ஐபோனின் ஐமெசேஜ் 2024 மார்ச்சிலும் இந்த வகைப் பூட்டைச் சேர்த்துக்கொண்டன. இலவசமாகவே கிடைக்கிறது. போனைப் புதிய பதிப்புக்கு மாற்றும்படி அது கேட்கும்போது "பிறகு" என்று அமுக்கிக்கொண்டே போனால் மட்டும் கிடைக்காது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு சொல். சத்தியக் கடதாசி, முகாம் விபரம், ஊரிலிருக்கும் உறவினரின் பெயர் விலாசம் உள்ள எதையும் சாதாரண மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டாம். நேரில் கொடுக்கலாம், அல்லது சட்டத்தரணியின் அலுவலகம் வைத்திருக்கும் பூட்டிய பக்கத்தில் ஏற்றலாம். அந்தப் பக்கத்தின் பூட்டு எந்த வகை, வழக்கு முடிந்த பின் கோவையை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், எப்படி அழிப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, அது உங்கள் உரிமை. ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கமாயிருந்தால் பத்தாம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்டியிருந்தால், என்ன கேட்கவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.